திரியைக் கொஞ்சம் இறக்குங்க!

மஞ்சக்குப்பத்தில் அந்த வீட்டில் 44 வருஷமாக நடக்கிற சண்டை ஒன்றே ஒன்றுதான். ராத்திரி லைட்.

பெரியவருக்குக் கும்மிருட்டு வேண்டும். கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் வந்தால் போதும், தூக்கம் போய்விடும். வீட்டம்மாவுக்கு ஒரு பொட்டு வெளிச்சமாவது இருந்தே ஆக வேண்டும். பிறந்த வீட்டுக் கூடத்து மூலையில் விடிய விடிய எரிந்த அரிக்கேன் விளக்கில் வளர்ந்த கண் அது. கல்யாணமான புதிதில் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று சமாதானத்துக்கு வந்தது. பெயர்தான் ஜீரோ, சத்தமில்லாமல் பத்துப் பதினைந்து வாட்ஸ் இழுக்கிற ஆசாமி. நடுராத்திரியில் அவர் எழுந்து அதை அணைப்பார். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் வீட்டம்மா எழுந்து போடுவார். இப்படியே இரண்டு பெண்களைப் பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்தும் ஆயிற்று.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி. பெரியவருக்கு அன்று காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அப்போதுதான் கண் அசந்திருந்தார். இரண்டு மணிவாக்கில் எழுந்த வீட்டம்மா, தூங்குகிற மனுஷனை எழுப்புவானேன் என்று லைட்டைப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். பின்கட்டு நிலைப்படியில் மழைத்தண்ணீர் ஒழுகித் தேங்கியிருந்தது. வழுக்கியபோது கையை ஊன்றினார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"நான்தான் பார்த்து நடந்திருக்கணும்" என்றார், விசாரிக்க வந்த எல்லோரிடமும். லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் பெரியவரை அறுத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு அவரும் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார்.

கட்டுப் பிரித்த பிறகு சண்டை தலைகீழாகிவிட்டது. படுக்கும்போது பெரியவரே டியூப் லைட்டை எரியவிடுவார். அவர் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்து வீட்டம்மா எழுந்து அணைப்பார்.

"இருட்டுல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"அதுக்காக நீங்க விடிய விடிய முழிச்சிக்கிட்டு கெடக்கணுமா?"

பெரியவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. நேதாஜி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ரேடியோவுக்கு போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலத்திலேயே ஈயம் வைக்கப் பழகிய கை. கடையை மூடியபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். மூன்று பிஸ்கட் டப்பா நிறைய சாமான்களை மட்டும் பரணில் ஏற்றி வைத்தார். வீட்டம்மா வருஷா வருஷம் போகிக்கு அந்த டப்பாக்கள் மேல் கண் வைப்பதும், அவர் குறுக்கே நிற்பதும் தனிக் கதை.

கடையில் விற்கிற விளக்குகளை முதலில் வாங்கிப் பார்த்தார். பிளக்கில் செருகும் எல்.இ.டி நைட் லேம்ப் ஒன்று. நீலம் கலந்த வெள்ளை, கண்ணில் ஊசி குத்தினது போல். அடுத்தது தொட்டால் எரியும் மேஜை விளக்கு. ஒரு தொடுதலுக்கு மங்கல், இன்னொன்றுக்கு நடுத்தரம், மூன்றாவதற்கு முழுப் பிரகாசம், நான்காவதில் அணையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மங்கலாக எரிவதை அணைக்க வேண்டுமென்றால் உச்ச வெளிச்சத்தைத் தாண்டித்தான் அணைக்க முடியும்! ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் மின்னல் வெட்டுவது போலிருக்கும். யோசித்துத்தான் செய்தார்களா என்று கேட்கத் தோன்றும்.

பிறகு தன் பழைய புத்தியைக் காட்டினார். ஃபேன் ரெகுலேட்டரில் சாதாரண எல்.இ.டி பல்பை மாட்டினார். அது மங்குவதற்குப் பதில் துடித்தது. பழைய குண்டு பல்பு என்றால் வோல்டேஜைக் குறைத்தால் சிவந்து, அடங்கி எரியும். இந்தக் காலத்து எல்.இ.டி பல்புக்குள் தனியாக ஒரு சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் விளக்கைச் சீராக எரிய வைப்பதுதான் அதன் வேலை. அதனிடம் போய் 'மங்கலாக எரி' என்றால் குழம்பித்தானே போகும்? டிம்மருக்கென்றே செய்த பல்புகள் தனி. (நீங்கள் வீட்டில் ரெகுலேட்டரோடு இந்த விளையாட்டு விளையாட வேண்டாம். அது 230 வோல்ட்.)

செம்மண்டலத்தில் இருக்கும் சின்ன மகளின் பெண், எட்டாம் வகுப்பு படிக்கிறவள், சனிக்கிழமை வந்தாள். துடிக்கும் பல்பைப் பார்த்தாள்.

"தாத்தா, நான் செஞ்சு தரட்டா? எங்கிட்ட கிட் இருக்கு."

பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கித் தந்த ஆர்டுயினோ கிட். உள்ளங்கை அகலத்தில் நீலநிறப் பலகை, நடுவில் கறுப்பாக ஒரு சிப். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா என்ற சிறு நகரத்தில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று ஒரு குழு உருவாக்கியது. அவர்கள் கூடிப் பேசுகிற மதுக்கடையின் பெயர்தான் பலகைக்கும் வந்தது. அந்தக் கடைக்கோ 1002-ல் முடிசூடிய ஆர்டுயின் என்ற ராஜாவின் பெயர். வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்துவிட்டதால், உலகம் முழுக்க மலிவான நகல்கள் கிடைக்கின்றன. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தால் நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றிலும் இது பழகிய சாமான்.

பெரியவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வெளக்கை மங்க வைக்க ஒரு கம்ப்யூட்டரா? வால்யூம் கண்ட்ரோலை எடுத்து சீரியஸ்ல போட்டா முடிஞ்சுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. போட்டும் காட்டினார். எரிந்தது. ஆனால் திருகின் முக்கால்வாசி தூரம் விளக்கு மங்கலாகவே கிடந்து, கடைசி விரல்கடையில் குபீரென்று ஏறியது. அதோடு, அந்த முனைக்கு வரும்போது முழுக் கரண்டும் துளியூண்டு கார்பன் தடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நாலு விளக்கு சேர்ந்தால் தடம் கருகும். அது அவருக்கே தெரியும். "சரி, உன் வித்தையக் காட்டு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பேத்தி செய்தது இதுதான். திருகுக்கு மூன்று கால். ஓரத்துக் கால் ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் எர்த். நடுக்காலில் இருந்து ஒரு ஒயர் சிப்புக்கு. திருகத் திருக நடுக்காலில் வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு ஏறும். சிப் அதை 1,024 படிகளாக வெட்டி எண்ணாகப் படிக்கும்: 0 முதல் 1023 வரை. லேப்டாப் திரையில் அந்த எண்கள் மழை போல் ஓடின. பெரியவர் திருகினார். 40, 212, 380, 511, 512, 511, 512...

"கைய எடுத்துட்டேன். ஆனாலும் ஆடுதே?"

"அப்படித்தான் தாத்தா. கொஞ்சம் ஆடும்."

ஐம்பது வருஷமாக விரலால் மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயத்துக்கு நம்பர் இருப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறார் மனுஷன். வெகுநேரம் அதையே திருகிக்கொண்டிருந்தார். காபி ஆறிப் போனது.

அடுத்ததுதான் அவரை நிமிர வைத்தது. சிப்புக்கு விளக்கை மங்கலாக எரிய வைக்கத் தெரியாது! அதன் காலில் ஒன்று 5 வோல்ட் இருக்கும், இல்லையென்றால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது. பிறகு எப்படி? ஒரு நொடிக்குச் சுமார் 490 தடவை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. ஒவ்வொரு தடவையிலும் எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. பாதி நேரம் எரிந்தால் பாதி வெளிச்சம். அந்தப் பங்கை 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் சொல்லலாம். குண்டு பல்பின் இழைக்குச் சூடு அடங்க நேரம் பிடிக்கும், எல்.இ.டி-க்கு அந்தத் தாமதம் இல்லை, சொன்ன மாத்திரத்தில் அணையும், எரியும். நம் கண்தான் அதைப் பிரித்துப் பார்க்க முடியாமல் ஒரே மங்கலாகச் சேர்த்துக்கொள்கிறது. ஓடும் ஃபேனில் மூன்று இறக்கை தெரியாமல் வட்டத் தட்டு தெரிகிற மாதிரி.

"அட, இது நம்ம புள்ளிக் கணக்கு!" என்றார் பெரியவர். ரெக்கார்டு பிளேயர் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குவதால், தட்டு சரியான வேகத்தில் சுற்றும்போது அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பது போல் தெரியும். வேகம் பார்க்க மெக்கானிக்குகள் அப்படித்தான் பார்ப்பார்கள். மினுக்குவது கண்ணுக்குத் தெரியாது, புள்ளிக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இப்படி மங்க வைக்கிற எல்.இ.டி ஏதாவது இருந்தால் செல்போன் கேமராவை அதன் முன் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலும் ஓடும். இந்த மினுக்கல்தான் அது.

ஒரு காலிலிருந்து 40 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுத்தால் சிப்புக்கு ஆபத்து என்று பேத்தி சொன்னதும், பெரியவர் பரணைக் காட்டினார். பிஸ்கட் டப்பா இறங்கியது. பி.சி.547 டிரான்ஸிஸ்டர் ஒன்று வெளியே வந்தது. நாலு வெதுவெதுப்பான வெள்ளை எல்.இ.டி, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம்ஸ் ஒன்று, சுமை தூக்க அந்த டிரான்ஸிஸ்டர். கை லேசாக நடுங்கினாலும் ஈயம் பளபளவென்று உட்கார்ந்தது. "இப்ப சொல்லு, போகிக்குப் போடலாமா இந்த டப்பாவ?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. தாளிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

அன்று ராத்திரி அறையை இருட்டாக்கி வீட்டம்மாவிடம் திருகைக் கொடுத்தார்கள். இடது கைதான். வலது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

திருப்பினார். அறை சட்டென்று வெளுத்தது. கால்பங்கு கூடத் திருப்பவில்லை, அதற்குள் வேண்டியதற்கு மேல் வெளிச்சம். அதற்கப்புறம் எவ்வளவு திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"இது எனக்குச் சரிப்படாது கண்ணு. கொஞ்சமா கேட்டா கொட்டுது" என்று திரும்பக் கொடுத்துவிட்டார்.

பேத்தியின் முகம் சுருங்கியது. திரையில் எண்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. கால் திருகு 64, அரை 128, முழுசு 255. எங்கே தப்பு?

பெரியவர் திருகைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். முதுகில் 'பி10கே' என்று குத்தியிருந்தது.

"இது லீனியர்மா. ரேடியோவுல வால்யூமுக்கு இதப் போட மாட்டோம். போட்டா இப்படித்தான், லேசாத் திருப்பினாலே கத்தும். வால்யூமுக்கு லாக் போடணும். 'ஏ'ன்னு போட்டிருக்கும்."

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. நம் காதும் கண்ணும் கூட்டல் கணக்குப் போடுவதில்லை, மடங்குக் கணக்குப் போடுகின்றன. கார்த்திகை தீபத்தன்று இருட்டுத் திண்ணையில் ஒரே ஓர் அகல் எரியும்போது பக்கத்தில் இரண்டாவதை வைத்தால் திண்ணையே மாறிவிடும். நூறு அகல் எரிகிற இடத்தில் இன்னொன்று வைத்தால் யாருக்குத் தெரியும்? வைத்தது என்னவோ அதே ஓர் அகல்தான். ஜெர்மனியில் வேபரும், அவருக்குப் பின் 1860-ல் புத்தகமே எழுதிய ஃபெக்னரும் இதை ஆராய்ந்து விதியாக்கினார்கள். மஞ்சக்குப்பத்து மெக்கானிக்குக்கு விதியின் பெயர் தெரியாது. எந்த ரேடியோவுக்கு எந்தத் திருகு என்று தெரியும்.

டப்பாவில் லாக் திருகு இருந்தது. பழைய ரேடியோவில் கழற்றிய 500கே. மாட்டினால் திரையில் எண்கள் பேயாட்டம் ஆடின. அந்தச் சிப் 10கே அளவுக்குள் இருக்கிற திருகைத்தான் நிம்மதியாகப் படிக்கும். 500கே அதற்கு ரொம்ப அதிகம். ஏற்கெனவே தேய்ந்த கார்பன் வேறு. பெரியவர் மௌனமாகக் கழற்றி டப்பாவில் போட்டார்.

மறுநாள் காலை பேத்தியே வழி கண்டுபிடித்தாள். திருகு லீனியராகவே இருக்கட்டும். வருகிற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 1023-ஆல் வகுத்துவிட்டால்? நோட்டில் போட்டுப் பார்த்தாள். அரைத் திருகில் 128-க்குப் பதில் 64. கால் திருகில் 64-க்குப் பதில் வெறும் 16. அடியில் மெல்ல மெல்ல ஏறி, மேலே போனதும் வேகம் பிடிக்கும். "லாக் மாதிரியேதான் தாத்தா!" கச்சிதமாக லாக் இல்லைதான். ஆனால் கண்ணுக்குப் போதும்.

ஏற்றினாள். அறையை இருட்டாக்கி ஆயாவை மறுபடி கூப்பிட்டாள். வீட்டம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திருப்பினார். முதலில் இருட்டு. அப்புறம் மினுக்கென்று ஒரு பொட்டு. மெல்ல, மெல்ல... எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பளீர்! முழு வெளிச்சம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் படக்கென்று அணைந்தது. மறுபடி மெல்ல ஏறி, மறுபடி பளீர்.

"அய்யய்யோ, இது உங்க தாத்தாவவிட மோசமா இருக்கே!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஒயரைச் சந்தேகப்படுவார்கள். பெரியவரும் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு ஈயத்தையும் தொட்டுப் பார்த்தார். பேத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருகு 181 வரை ஒழுங்கு. 182-ல் குளறுபடி. ஏன் 182? பெருக்கினாள். 181-ஐ 181-ஆல் பெருக்கினால் 32,761. 182-ஐ 182-ஆல் பெருக்கினால் 33,124. அந்தச் சிப்பில் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32,767 வரைதான் பிடிக்கும். ஒன்று கூடினாலும் எண் நேரே மைனஸுக்கு விழுந்துவிடும். நம் பைக் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, இது பூஜ்யத்துக்கும் கீழே போகும். மைனஸ் 7 என்று விளக்குக்குச் சொன்னால், அது அதை ஒரு பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு முழுசாக எரிகிறது. அதுதான் அந்தப் பளீர்.

புரோகிராமில் ஒரே ஒரு வார்த்தை. 'இன்ட்' என்று இருந்ததை 'லாங்' என்று மாற்றினாள். பெரிய பாத்திரம். அவ்வளவுதான்.

"ஒயர் மேல பழி போட்டேனே" என்றார் பெரியவர்.

சாயங்காலம் இன்னொரு வாக்குவாதம் வந்தது. கிட்டில் இன்னொரு வகைத் திருகும் இருந்தது. 'டிக் டிக்' என்று சுற்றிக்கொண்டே போகும், ஆரம்பமும் முடிவும் கிடையாது. ரோட்டரி என்கோடர் என்று பெயர். புதிய வாஷிங் மெஷின், கார் ஸ்டீரியோவில் எல்லாம் அதுதான். பேத்திக்கு அதன்மேல் ஆசை. "உள்ள கார்பன் தடமே இல்ல தாத்தா."

பெரியவர் அதைச் சுற்றிப் பார்த்தார். "கரண்ட் போயிட்டு வந்தா இதுக்கு எங்க விட்டோம்னு ஞாபகம் இருக்குமா?"

இருக்காது. அது எத்தனை 'டிக்' என்று சிப்தான் எண்ணி வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் எண்ணிக்கையும் போச்சு. அதை நிரந்தரமாக எழுதி வைக்கவும் வழி உண்டு என்று பேத்தி சொன்னாள். ஆனால் பழைய திருகுக்கு அந்தத் தொந்தரவே இல்லை. எந்த இடத்தில் விட்டோமோ அங்கேயே இருக்கும், கரண்ட் வந்ததும் அதே வெளிச்சம். இருட்டில் தடவிப் பார்த்தாலும், இடது பக்கம் முட்டி நின்றால் அணைந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கண் தெரியாத நேரத்தில் பயன்படுத்தப் போகிற சாமானுக்கு ஒரு முடிவு இருக்கத்தான் வேண்டும். தேய்ந்தால் என்ன, மாற்றத்தான் ஆள் வீட்டிலேயே இருக்கிறாரே.

கரண்ட் போகிற பேச்சு கடலூர்க்காரர்களிடம் வந்தால் 'தானே' வராமல் போகாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையைக் கடந்த புயல். கம்பம் கம்பமாகச் சாய்ந்து, பல நாள் ஊரே இருட்டு. அப்போது இந்த வீட்டில் ஓர் அரிக்கேன் விளக்கு இறங்கியது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்ததால், ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வீட்டம்மா பக்கவாட்டுத் திருகைத் திருப்பித் திரியை இறக்குவார். ஒரு பயறு அளவு சுடர் மட்டும் நிற்கும். யாராவது எழுந்தால் அதே திருகில் கொஞ்சம் ஏற்றுவார். அந்த நாட்களில் லைட் சண்டையே நடக்கவில்லை என்பது இப்போதுதான் பெரியவருக்கு உறைத்தது.

"இதுல சுவிட்ச் வேணாம்" என்றார் பேத்தியிடம். "உங்க ஆயாவுக்குத் திரி இறக்கத் தெரியும்."

திருகின் தண்டு மொட்டையாக இருந்தது. மூன்றாவது டப்பாவில் இருந்து பழைய மர்ஃபி ரேடியோவின் குமிழ் ஒன்றை எடுத்தார். தந்த நிறம், ஓரத்தில் வரிவரியாகப் பிடிமானம். புதுத் திருகின் தண்டு 6 மில்லிமீட்டர், பழைய குமிழின் துளை கால் அங்குலம். துளி ஆட்டம் இருந்தது. ஒரு சுற்று டேப் சுற்றித் திருகாணியை இறுக்கினார். வீட்டம்மா அதைப் பார்த்ததும் கையில் வாங்கிக்கொண்டார்.

"இது எங்க அப்பா குடுத்த ரேடியோவுதுதானே? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சுன்னீங்க?"

"ரேடியோவப் போட்டேன். குமிழப் போடல."

பேத்தி அன்று ராத்திரியும் தங்கினாள். பள்ளிக்கூடம் மறுநாள் இருந்தாலும், அவள் அம்மா எட்டு மணிக்குள் ஸ்கூட்டியில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதலில் தாத்தாவைக் கட்டிலில் படுக்க வைத்து ஒரு சோதனை நடத்தினாள். விளக்கு கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஆயாவின் இடது கை எட்டுகிற உயரத்தில், வெளிச்சம் தரையில் விழுகிற மாதிரி. லேப்டாப் வெளிச்சம் கெடுக்காமல் இருக்கத் துண்டைப் போட்டு மூடி, ஓரத்தை மட்டும் தூக்கி எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

மெல்ல ஏற்றினாள். 100. 180. 220.

"போதும் போதும். இதுக்கு மேல போனா எனக்குத் தூக்கம் வராது."

நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'தாத்தா 250.' பெருக்கி வகுத்தால் விளக்குக்குப் போவது 255-ல் வெறும் 15. பக்கத்தில் அதையும் எழுதினாள்.

பிறகு ஆயாவின் முறை. வீட்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தார். இருட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பொட்டு. தரையில் செருப்பின் விளிம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம். கதவு தெரிந்தது.

"வடலூர்ல வள்ளலார் இப்படித்தான் வெச்சிருக்காரு. தைப்பூசத்துக்கு ஜோதி காட்டும்போது ஏழு திரை. ஒண்ணொண்ணா விலக்கித்தான் காட்டுவாங்க. ஒரேயடியாக் காட்ட மாட்டாங்க" என்றார், யாருக்கென்றில்லாமல். 1872-ல் சத்திய ஞான சபையில் தொடங்கிய வழக்கம். அந்த அம்மா சின்ன வயதிலிருந்து கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தது.

பேத்தி நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். ஆயா சரி என்கிற இடத்தில், குமிழின் மேலும் பெட்டியின் மேலும் ஒவ்வொரு சொட்டு. காய்ந்தால் மேடாக நிற்கும். இருட்டில் விரலால் தடவி இரண்டு மேட்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் அந்த வெளிச்சம் வந்துவிடும்.

"எதுவரைக்கும் வேணும் ஆயா?"

"பின்கட்டு நிலைப்படி தெரியணும்." திருப்பினார். நின்றார். கட்டிலின் மறுபக்கம் திரும்பினார். "ஏங்க, இப்ப மொகத்துல படுதா?"

பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். "இல்ல."

இன்னும் ஒரு நூல் திருப்பினார். "இப்ப?"

"இல்ல."

நிலைப்படியின் கீழ் விளிம்பு மட்டும் இன்னும் இருட்டில் இருந்தது. வீட்டம்மா குனிந்து பார்த்துக்கொண்டே மறுபடி திருப்பினார். எதிர்ச் சுவரில் கொசுவலையின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்தது. பெரியவரின் மூடிய இமை மேலும் விழுந்தது.

"நெசமாச் சொல்லுங்க. படுதா இல்லியா?"

"ஒண்ணும் படல. நீ வெய்யி."

பேத்தி துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். 430. மனசுக்குள் பெருக்கினாள், வகுத்தாள். 45. தாத்தா போதும் என்று சொன்னதைப் போல் மூன்று மடங்கு. தாத்தாவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை இறக்கிவிட்டு, குமிழின் மேல் ஒரு சொட்டும் பெட்டியின் மேல் ஒரு சொட்டும் வைத்து, காய்வதற்காக ஊதினாள்.